கோடு அக்கா வீட்டுப் புல்

கால்பந்து மைதானத்தில் அவளை எல்லோரும் கோடு அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டத்துக்கு முந்தின நாள், வெள்ளைச் சாயம் ஊற்றிய சின்ன வண்டியைத் தள்ளிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி வருகிறவள் அவள்தான். புல் வெட்டுவது, தண்ணீர் விடுவது, இறுகிப்போன மண்ணைக் குத்திவிடுவது, ஆட்டக்காரர்களின் காலணி பிடுங்கிப் போட்ட புல்லைத் திரும்ப மிதித்து வைப்பது என்று அவளுக்கு நூறு வேலை. ஆனால் பார்க்கிறவர்கள் கண்ணில் படுவது கோடு மட்டும்தான். நூல் பிடித்த மாதிரி இருக்கும். நடுவர்களே குனிந்து பார்த்துவிட்டுத் தலையாட்டுவார்கள்.

பக்கத்திலிருந்த பயிற்சி மைதானமும் அவள் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே கோல் கம்பங்களுக்குச் சக்கரம் உண்டு. வாரத்துக்கு ஒருமுறை அவற்றைத் தள்ளிக்கொண்டு போய் வேறு இடத்தில் நிறுத்துவாள். அணித்தலைவனுக்கு இது எரிச்சல்.

"அக்கா, போன வாரம் வடக்கு பாத்து உதைச்சேன், இந்த வாரம் கிழக்கா? எனக்கே கோல் எங்கன்னு தேட வேண்டியிருக்கு."

"நீ தேடு. புல்லு ஒரு வாரம் மூச்சு விடட்டும்" என்பாள் அவள். ஓரிடத்திலேயே பத்துப் பேர் குதித்தால் அங்கே புல் இருக்காது. அவள் தொழிலின் பாதி ரகசியம் அதுதான்.

இப்படி ஊரின் பெரிய மைதானத்தைப் பச்சையாக வைத்திருப்பவளின் சொந்தக் கொல்லைப்புறம், குளிர்காலம் முடிந்த அந்த வாரத்தில், யாரோ ஏர் ஓட்டிவிட்டுப் பாதியில் போய்விட்ட வயல் மாதிரி கிடந்தது. அடுத்த வீட்டுத் தையல்காரம்மா வேலிக்கு மேலே தலையை நீட்டி, ஒரு நாளைக்கு ஒருமுறையாவது கேட்பாள்.

"ஊருக்கெல்லாம் கம்பளம் விரிக்கிற. உன் வீட்டுல மட்டும் சேத்தைக் குழைச்சு வெச்சிருக்கியே, யாருக்கு?"

"மூணு பேருக்கு" என்பாள் கோடு அக்கா.

அந்த மூன்று பேரும் நாய்கள். மூன்றுக்கும் பெயர் வைத்தவர் அவளுடைய மாமனார். ரயிலில் முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். முதலில் வந்த பழுப்பு நிறக் குட்டை நாய், வாசலில் யார் வந்தாலும் மோந்து பார்த்த பிறகுதான் உள்ளே விடும். அதனால் அது டிக்கெட். இரண்டாவது கிழட்டு நாய். தெரு முனையில் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போனவர்கள் விட்டுப்போனது. தினமும் ஒரே நேரத்துக்கு ஒரே இடத்தில் வந்து படுத்துக்கொள்ளும். சீசன் டிக்கெட்டில் வருடக் கணக்காக ஒரே இருக்கையில் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்களைப் போல. அது சீசன்.

மூன்றாவது, நெட்டைக் கால்களும் அடங்காத வாலும் உள்ள கறுப்பு நாய். கோடு அக்காவின் கணவர் ரொட்டிக்கடையில் ரொட்டி போடுகிறவர். போன இலையுதிர் காலத்தில் ஒருநாள் கடை வேன் வீட்டு வாசலில் அவரை இறக்கிவிட்டபோது, பின்னால் தட்டுகளுக்கு அடியிலிருந்து இது குதித்தது. எங்கே ஏறியது என்று யாருக்கும் தெரியவில்லை. மாமனார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

"பயணம் எங்கேருந்து? பதில் இல்ல. டிக்கெட்டும் இல்ல. சரி, வித்தவுட்" என்று எழுதிக்கொள்வது போல விரலால் காற்றில் கிறுக்கினார். பெயர் நிலைத்துவிட்டது.

வித்தவுட் ஓடினால் மற்ற இரண்டும் ஓடும். சீசன்கூட மூன்றடி ஓடிவிட்டு, தன் வயது நினைவுக்கு வந்தது போல நின்றுகொள்ளும். ஒரு குளிர்காலம் முழுக்க ஈர மண்ணில் பன்னிரண்டு கால்கள். புல் எப்படி நிற்கும்?

புல் போனதோடு முடிந்திருந்தால் கதையே இல்லை. குளிர்காலத்தின் கடைசி வாரத்தில் மாமனார் அந்தச் சேற்றில் வழுக்கி விழுந்துவிட்டார். மகனும் மருமகளும் வேலைக்குப் போயிருந்த மத்தியான நேரம். நாய் விடாமல் குரைக்கிற சத்தம் கேட்டுத் தையல்காரம்மா எட்டிப் பார்த்தாள். கொல்லையில் போட்டிருந்த பெஞ்சுக்குப் பக்கத்தில் அவர் மல்லாந்து கிடந்தார். வித்தவுட் அவர் மேலேயே நின்றது. வலது மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆறு வாரம் கட்டு.

"அந்தக் கறுப்பன்தான் தள்ளிவிட்டுட்டான்" என்று தையல்காரம்மா தெருவுக்கே சொன்னாள். மாமனாரிடம் கேட்டபோது அவர் கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே, "வழுக்கிடுச்சு" என்றார். அதற்கு மேல் ஒரு வார்த்தையும் வரவில்லை.

அடுத்த வாரமே வெளியூரிலிருந்து நாத்தனாரின் போன் வந்தது. கணவருக்கு அக்கா, மருந்துக்கடை நடத்துகிறவள். மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல ஒவ்வொரு வார்த்தையையும் நிறுத்தி நிறுத்திப் பேசுவாள்.

"அடுத்த மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை வரேன். இன்னும் அஞ்சு வாரம் இருக்கு. அப்பா அந்தக் கொல்லையில பயமில்லாம நடக்கறத நான் பாக்கணும். இல்லன்னா ஒண்ணு அந்த நாய் போகணும், இல்ல அப்பா என்கூட வரணும். ரெண்டுல ஒண்ணு நீங்களே முடிவு பண்ணுங்க."

போனை வைத்ததும் கணவர் தலையைச் சொறிந்தார். "மாவு மில்லுக்காரர் காவலுக்கு நாய் கேட்டுட்டு இருந்தார். சாப்பாட்டுக்குக் குறை இருக்காது."

"சங்கிலி இருக்குமா?" என்று கேட்டாள் கோடு அக்கா.

"காவலுக்குன்னா சங்கிலி இல்லாமலா?"

சமையலறை மேஜைக்கு அடியில் வித்தவுட் வாலைத் தரையில் அடித்துக்கொண்டிருந்தது. மாமனார் தேநீர்க் கோப்பையை இடது கையால் தூக்கப் போய்ப் பாதியை மடியில் கொட்டிக்கொண்டார். அவளுக்கு இருவரில் ஒருவரையும் விட மனமில்லை. மைதானத்திலிருந்து வந்ததும் "இன்னைக்கு வண்டி நேரா போச்சா?" என்று கேட்கிற ஒரே ஆள் மாமனார்தான். கணவருக்குப் புல் என்றால் பச்சையாக இருப்பது, அவ்வளவுதான். நாயைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அவள் வேலை முடிந்து வரும் சத்தம் தெரு முனையில் கேட்டாலே வித்தவுட் தன் வாலைத் தானே துரத்தத் தொடங்கிவிடும்.

"அஞ்சு வாரம் போதும்" என்றாள் அவள். "நான் புல்லுக்காரி. என்கிட்டயே புல்லைக் காட்டச் சொல்றாங்களா?"

வேலை அன்றைக்கே ஆரம்பித்தது. கட்டியாகிப்போன மண்ணைக் கொத்தி, வாரி, சமப்படுத்தினாள். நடப்பதற்குக் குறுக்கே பலகைகள் போட்டாள். வேலியோரம் நாய்களுக்கு ஒரு நடைபாதை விட்டு, மீதி இடத்தைச் சுற்றிக் குச்சி நட்டுக் கயிறு கட்டினாள். விதை சீக்கிரம் முளைக்க வேண்டுமானால் இரண்டு நாள் ஊறவைத்துத் தூவ வேண்டும். மைதானத்தில் அவள் செய்வது அதுதான். புல் விதையைத் துணிப்பையில் கட்டி, வாளித் தண்ணீரில் போட்டுப் பின்பக்கத் தாழ்வாரத்தில் வைத்தாள்.

இங்கேதான் வாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ரொட்டிக்கடைக்கு ஜாம் வெள்ளை வாளிகளில் வரும். காலியான வாளிகளைக் கணவர் ஒவ்வொன்றாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவார். தரை துடைக்க ஒன்று, நாய்ச் சாப்பாட்டுக்கு ஒன்று, செருப்புக் கழுவ ஒன்று. எல்லாமே ஒரே வாளி. வீட்டில் எதைத் திறந்தாலும் லேசாக ஸ்ட்ராபெர்ரி வாசம் வரும். அந்த வாரம் அவரும் ஒரு யோசனையில் இருந்தார். முழுக் கோதுமையை ஊறவைத்துச் சேர்த்து ஒரு புது ரொட்டி போட்டு, கடை முதலாளியை அசத்துவது. அவரும் துணிப்பையில் கட்டி, வெள்ளை வாளியில் ஊறப்போட்டு, அதே தாழ்வாரத்தில் வைத்தார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே அவர் பையைத் தூக்கிக்கொண்டு வேலைக்குப் போய்விட்டார். அவளுக்கு மைதானத்தில் ஆட்டம். "மத்தியானம் வந்ததும் வாளியில இருக்கற விதையைத் தூவிடுங்க. மேல அந்த மணலைப் போட்டு மூடணும். மறக்காதீங்க" என்று சீட்டு எழுதி வைத்திருந்தாள்.

அவர் மத்தியானம் வந்தார். ஆனால் முகம் சரியாக இல்லை. கையில் எட்டு ரொட்டி. "கோதுமைக்காரன் ஏமாத்திட்டான்பா. ஒரே உமி. முதலாளி ஒரு வாய் கடிச்சுட்டு, வைக்கோல் போர்ல தலையை விட்ட மாதிரி இருக்குன்னுட்டார்" என்று அப்பாவிடம் புலம்பினார். ரொட்டிகளை நாய்கள் பக்கம் வைத்துவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார். சீட்டை அப்பாவின் கையில் கொடுத்து, "ஒரு அஞ்சு நிமிஷம் கண்ணை மூடிக்கறேன்" என்றவர் சாயங்காலம்தான் கண்ணைத் திறந்தார்.

மாமனார் சீட்டைப் படித்தார். வேலையைத் தள்ளிப்போட்டுப் பழக்கமில்லாதவர். பலகை மேல் மெதுவாக நடந்து, இடது கையால் தூவினார். ஒவ்வொரு பெட்டியாக, ஒவ்வொரு இருக்கையாக டிக்கெட் பார்ப்பதுபோல ஒரு முழம் இடத்தைக்கூட விடவில்லை. மேலே மணலையும் போட்டு மூடினார்.

ஆட்டம் முடிந்து வந்தவள் கொல்லையைப் பார்த்தாள். வேலை சுத்தமாக இருந்தது. "மாமா, நீங்களா? உங்களை யார் இங்க இறங்கச் சொன்னது?"

"பலகை மேலதான்மா நடந்தேன். பலகை உன்னோடது. புகார் இருந்தா நீயே உன் மேல எழுதிக்கோ."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்ட பிறகு திட்டுவது கடினம்.

ஆறாம் நாள் முளை தெரிந்தது. எட்டாம் நாள் கொல்லை முழுக்கப் பச்சை. கணவர் ஜன்னலிலேயே நின்றார். தையல்காரம்மா வேலிக்கு மேலே பார்த்துவிட்டு முதல் தடவையாக ஒன்றும் சொல்லாமல் போனாள். கோடு அக்கா மட்டும் நெற்றியைச் சுருக்கினாள். இவ்வளவு சீக்கிரமா? இவ்வளவு உயரமா? பலகையில் மண்டியிட்டு ஒரு இலையைக் கிள்ளி விரலிடையில் உருட்டிப் பார்த்தாள். ஒரு முளையை வேரோடு பிடுங்கினாள். அடியில் பிளந்த கோதுமை மணி தொங்கியது.

"ஏங்க" என்று கூப்பிட்டாள். குரல் மிகவும் அமைதியாக இருந்ததால் கணவர் ஓடி வந்தார். "அன்னைக்கு உங்க ரொட்டியில ஒரே உமின்னு சொன்னீங்களே."

அவர் அந்த மணியைப் பார்த்தார். பிறகு தாழ்வாரத்து வாளிகளைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒவ்வொன்றாக விளங்குவது தெரிந்தது. "அப்போ முதலாளி தின்னது..."

"மைதானத்துப் புல்லு."

"கோதுமைக்காரன்கிட்ட நான் சண்டை போட்டுட்டு வந்துட்டேனே."

மாமனார் வாசற்படியில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தார். "என்னைப் பாக்காதீங்க. முப்பது வருஷம் நான் பாத்தது டிக்கெட்டு. புல்லு எது, கோதுமை எதுன்னு எனக்கு யாரும் பரீட்சை வைக்கல."

அன்று சாயங்காலம் மூவரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஆனால் படுக்கப் போகும்போது அவள் விரல் விட்டு எண்ணினாள். இன்னும் மூன்றரை வாரம்தான். கோதுமையைப் பிடுங்கினால் மண் மறுபடி சேறாகும். யோசித்துப் பார்த்ததில், பிடுங்கவே வேண்டாம் என்று தோன்றியது. மறுநாள் புல்வெட்டும் இயந்திரத்தை உயரமாக வைத்துக் கோதுமையைக் கத்தரித்தாள். இடையிடையே உண்மையான புல் விதையைத் தன் கையாலேயே தூவினாள். கோதுமைத் தாள் மண்ணைப் பிடித்துக்கொண்டது. அதன் நிழலில் புல் முளைத்தது. கணவர் அன்றிலிருந்து தன் வாளிக்கு ஒரு சிவப்புத் துணி கட்டிவிட்டார்.

வெயில் இதமாக இருந்தது. ஆப்பிள் மரம் பூத்து, வித்தவுட்டின் கறுப்பு முதுகில் எப்போதும் நாலு வெள்ளை இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும். நாய்கள் மூன்றும் முடி உதிர்க்கிற பருவம் அது. சோபாவில் உட்கார்ந்து எழுந்தால் கணவரே ஒரு நாய் மாதிரி இருப்பார்.

எல்லா இடத்திலும் புல் வந்தது, ஓரிடத்தைத் தவிர. பின்கதவிலிருந்து ஆறு தப்படி தூரத்தில், ஒரு பாய் அகலத்துக்கு, கோதுமையும் போய், வெறும் மண். அங்கே மறுபடி விதைத்தாள். மூன்றாம் நாளே விதைத்த மண் எல்லாம் கலைந்து நசுங்கிக் கிடந்தது. இன்னொரு முறை விதைத்தாள். அதுவும் போயிற்று. கயிறு கட்டியபடியே இருந்தது. குச்சி ஒன்றுகூடச் சாயவில்லை.

பறவையா, எலியா என்று இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் மைதானத்தில் கோல் கம்பத்தை நகர்த்திக்கொண்டிருந்தபோது, அதன் முன்னால் இருந்த வெற்று மண்ணைப் பார்த்து அப்படியே நின்றாள். அதே வடிவம். அதே அகலம். நடுவில் ஆழமாக, ஓரத்தில் சிராய்ப்பாக. யாரோ ஒன்றைப் போடுகிறார்கள், பலர் அதற்குத் துள்ளுகிறார்கள் என்றால்தான் தரை அப்படித் தேயும்.

வீட்டுக்கு வந்து பின்கதவில் நின்று தூரத்தைப் பார்த்தாள். குளிர்காலத்தில் சேறு ஆழமாக இருந்தது பெஞ்சுக்குப் பக்கத்தில், பதினோரு தப்படி. இப்போது ஆறு தப்படி. ஆள் அதே ஆள்தான். எறிகிற கைக்குத்தான் பலம் குறைந்துவிட்டது. அல்லது, கை மாறிவிட்டது.

மாமனார் ஜன்னலோரம் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"மாமா, மத்தியானம் நம்ம கொல்லையில மேட்ச் நடக்குதா?"

"எனக்கென்னம்மா தெரியும். நான் அந்த நேரம் தூங்கறேன்."

"யாரோ இடது கையால என்னமோ எறியறாங்க. வலது கையா இருந்தா பெஞ்சு வரைக்கும் போயிருக்கும்."

செய்தித்தாள் கொஞ்சம் தாழ்ந்தது. மாமனார் தன் கட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஜன்னலுக்கு வெளியே அந்த வெற்று இடத்தைப் பார்த்தார். டிக்கெட் இல்லாமல் அகப்பட்டவர்கள் முகம் எப்படி மாறும் என்று முப்பது வருடம் பார்த்தவர். இப்போது அதே முகம் தனக்கு வந்ததை அவரே உணர்ந்திருக்க வேண்டும். காதைச் சொறிந்தார்.

"ரொட்டி ஓரம்மா" என்றார். "உன் புருஷன் கொண்டுவர்றது. காய்ஞ்சது. சும்மா போகுதேன்னு நாலு துண்டு. கயித்தைத் தாண்டி அவனுங்க குதிக்கறது பாக்க நல்லா இருக்கும்."

"எவ்வளவு நாளா?"

"வித்தவுட் வந்ததிலேருந்து."

அவள் பேசாமல் இருந்தாள். பேசாமல் இருந்தால் அவர் மிச்சத்தையும் சொல்லிவிடுவார் என்று அவளுக்குத் தெரியும்.

"அன்னைக்கும் அதான்" என்றார் அவர், தாளை மடித்துக்கொண்டே. "சீசனுக்குன்னு ஒரு துண்டு போட்டேன். கிழவன் நகரல. பாவமா இருந்தது. எடுத்துக் குடுக்கலாம்னு நானே சேத்துல இறங்கினேன். கால் போயிடுச்சு. வித்தவுட் அப்போ வேலி ஓரத்துல இருந்தான்மா. நான் விழுந்தப்புறம்தான் வந்தான். வந்து, விடாம குரைச்சான். அவன் குரைக்கலன்னா தையல்காரம்மா எட்டிப் பாத்திருக்கவே மாட்டா."

"பழி அவன் மேலதானே போச்சு, மாமா."

"போச்சு. நான் வாயைத் திறக்கல." தாளை இன்னொரு மடிப்பு மடித்துவிட்டுச் சொன்னார்: "உண்மையச் சொன்னா உன் அண்ணி என்ன சொல்லுவா? தனியா இருக்கும்போது சேத்துல இறங்கற ஆளை அங்க விட்டு வெக்க முடியாதுன்னு கையோட கூட்டிட்டுப் போயிடுவா. அவ வீடு நாலாவது மாடி. ஜன்னலைத் திறந்தா எதிர்ல ஜன்னல். அங்க யாருக்கு ரொட்டி போடறது?"

நாய் போனால் அவர் இங்கேயே இருக்கலாம். உண்மையைச் சொன்னால் நாய் இருக்கலாம், அவர் போக வேண்டியிருக்கும். இதைத்தான் அவர் இத்தனை வாரமாகத் தேநீரோடு விழுங்கிக்கொண்டிருந்தார்.

கோடு அக்கா அவரைத் திட்டவில்லை. சொல்லிவிடுவேன் என்றும் சொல்லவில்லை. எழுந்து போய், தாழ்வாரத்திலிருந்த பழைய நாற்காலியை எடுத்துக் கொல்லையின் இடது மூலையில், நாய்களின் பாதையை ஒட்டிப் பலகை மேல் போட்டாள்.

"இப்போ இங்க உக்காந்து எறிங்க. அப்புறம் அந்தப் பக்கம் மாத்தறேன். ஒரே இடத்துல மூணு நாளைக்கு மேல கூடாது. கோல் கம்பம் நகரணும்."

அவர் நம்பாமல் பார்த்தார். "அவ்வளவுதானா?"

"புல்லுக்கு அவ்வளவுதான். அண்ணிகிட்ட என்ன சொல்றதுங்கறது உங்க பாடு."

நாற்காலி நகர்ந்துகொண்டே இருந்தது. ஆறாம் தப்படியில் மெல்லிய பச்சை வந்தது. கணவருக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை. "ஏன் நாற்காலி அடிக்கடி வேற வேற இடத்துல இருக்கு? வெயிலா?" என்று கேட்டார். "ஆமா, வெயில்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். வாசலில் டிக்கெட் அவளை நிறுத்தி, பையிலிருந்து காலணி வரை மோந்து பார்த்த பிறகே வழிவிட்டது. அவள் நேராகப் பின்பக்கம் நடந்தாள். கொல்லை மின்னிக்கொண்டிருந்தது. கயிறு அவிழ்க்கப்பட்டிருந்தது. அவள் குதிகாலால் புல்லை இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தாள். மண் உள்வாங்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றாள். "உன் கை தேறின கை, ஒத்துக்கறேன். ஆனா..." என்று திரும்பினாள். "தரை சரியாயிடுச்சு, தள்ளற நாய் அப்படியேதான இருக்கு? அப்பாவோட கட்டு அவிழ்த்து நாலு நாள்தான் ஆகுது. மறுபடி ஒருதடவை தள்ளினா? நான் அறைகூட ஒழிச்சு வெச்சுட்டேன்."

கணவர் தொண்டையைச் செருமினார். "மாவு மில்லுக்காரர்கிட்ட பேசியிருக்கேன், அக்கா. நாளைக்கே வந்து..."

கோடு அக்கா மாமனாரைப் பார்க்கவில்லை. புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வித்தவுட் என்ன பேச்சு என்று தெரியாமல் ஒவ்வொருவர் கையையும் முறை வைத்து நக்கிக்கொண்டு வந்தது. கடைசியில் மாமனார் முன்னால் வந்து, கட்டு அவிழ்த்த மணிக்கட்டை நக்கியது.

"அவன் தள்ளலம்மா" என்றார் மாமனார்.

"அப்பா, அவனுக்காகப் பரிஞ்சு பேசாதீங்க."

"பரிஞ்சு பேசல. வாக்குமூலம்." நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டு, ரொட்டி ஓரத்திலிருந்து சேறு வரை, சேற்றிலிருந்து மௌனம் வரை, ஒன்றுவிடாமல் சொன்னார். தான் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொன்னார். நாலாவது மாடியைச் சொல்லும்போது மட்டும் குரல் தாழ்ந்தது. "முப்பது வருஷம் எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கேன். செய்யாத தப்புக்கு ஒருத்தனை இறக்கிவிட்டதில்ல. இப்போ செஞ்சிடுவேன்னு தெரிஞ்சப்போ முடியல. நீ கூட்டிட்டுப் போறதுன்னா கூட்டிட்டுப் போ. அவனை மில்லுக்கு அனுப்பாதீங்க."

எல்லோரும் நாத்தனாரைப் பார்த்தார்கள். கணவர் மட்டும், "அப்போ அந்த நாற்காலி வெயிலுக்கு இல்லையா?" என்றார்.

நாத்தனாரின் உதடு துடித்தது. அழப்போகிறாளா, கத்தப்போகிறாளா என்று தெரியவில்லை. "ஒண்ணரை மாசமா தினமும் போன்ல கேட்டேனே. எப்படி இருக்கீங்கன்னு கேட்டா, ஜன்னல்ல உக்காந்திருக்கேன்னு சொன்னீங்களே."

"காலையில ஜன்னல்லதான் உக்காந்திருப்பேன்."

"மத்தியானம் ரொட்டி எறிவீங்க."

"மத்தியானம் நீ போன் பண்ண மாட்டியே."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கணவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர எழுந்தார். ஆனால் அது சிரிப்பு. அடக்கிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்ட சிரிப்பு. துடைத்துக்கொண்டு மறுபடி மருந்துக்கடைக்காரியானாள்.

"எங்க, எறிஞ்சு காட்டுங்க. வலது கையால. டாக்டர் பயிற்சி பண்ணச் சொன்னாரில்ல."

கணவர் ரொட்டி ஓரங்களைக் கொண்டுவந்தார். மாமனார் எறிந்தார். ஆறு வாரம் சும்மா இருந்த கை. துண்டு நேராகப் போகாமல் வேலிக்கு மேலே பறந்து தையல்காரம்மாவின் துணிக்கொடிக்கு அடியில் விழுந்தது. "என்ன விழுது?" என்று அங்கிருந்து குரல் வந்தது. இரண்டாவது துண்டு சரியாகப் போயிற்று. வித்தவுட் தாவி, காற்றிலேயே பிடித்தது. மூன்றாவதை டிக்கெட் பார்த்துக்கொண்டது. நாலாவது, மர நிழலில் படுத்திருந்த சீசனுக்கு நேரே போய் அதன் மூக்குக்கு ஒரு முழம் முன்னால் விழுந்தது. சீசன் அதைப் பார்த்தது. எழுந்திருக்கவில்லை.

மாமனார் நாற்காலியின் பிடியை அழுத்தி எழப்போனார்.

"உக்காருங்க" என்றாள் மகள். காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தாள். வெறுங்காலோடு புல்லில் நடந்து போய், குனிந்து, துண்டை எடுத்துச் சீசனின் வாயில் வைத்தாள். அது மெதுவாக மென்றது. அவள் திரும்பி வராமல் அங்கேயே நின்று, பாதத்துக்கு அடியில் இருக்கும் குளிர்ச்சியைப் பார்ப்பதுபோலக் கீழே பார்த்தாள்.

"அப்பா, மத்தியானமும் இனிமே போன் பண்ணுவேன்" என்றாள். "வழுக்காத செருப்பு அனுப்பறேன். அது இல்லாம இறங்கினது தெரிஞ்சா, அறை ஒழிச்சபடியே இருக்கும்."

"இறங்க மாட்டேன். கோல் கம்பத்தோட இருப்பேன்" என்றார் அவர்.

மாவு மில்லுக்காரருக்கு அன்று மாலையே கணவர் போன் செய்து, நாய்க்கு உடம்பு சரியில்லை என்று சொல்லப் போனார். இந்த வீட்டில் இனிமேல் போனில் பொய் கூடாது என்று நாத்தனார் குறுக்கிட்டதால், "நாய் எங்களுக்கே வேணும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

பெஞ்சின் காலோரம், இயந்திரம் எட்டாத இடத்தில், ஒரு கொத்துக் கோதுமை மட்டும் முழங்கால் உயரத்துக்கு வளர்ந்து நின்றது. அதை வெட்டக் கூடாது, கதிர் வந்ததும் அரைத்து ஒரே ஒரு ரொட்டி போடப்போகிறேன் என்று கணவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த மத்தியானம் நாத்தனாருக்கும் ஆசை வந்துவிட்டது. தட்டிலிருந்து ஒரு ஓரத்தை எடுத்து, எறிய வாகாகக் காலை அகட்டி நின்றாள். மூன்று நாய்களும் நிமிர்ந்தன. சீசன்கூட ஒரு காதைத் தூக்கியது. அவள் நின்ற இடம் பின்கதவிலிருந்து சரியாக ஆறு தப்படி.

கோடு அக்காவால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

"அண்ணி" என்றாள். "ரெண்டடி தள்ளி நின்னு எறிங்க. அங்க இப்பதான் வந்திருக்கு."